குகதாசனும் ஓட்டப் பளு ஆணைக்குழுவும்

லிம்மத் காட்டெருமைகள் சங்கத்தில் ஒருவரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவர்களாக இருந்திருந்தால் குகதாசன் எப்படியும் தப்பியிருப்பான். கெட்டவனைக் கண்டால் ஓடத் தெரிந்தவன் அவன். இவர்களோ நல்லவர்கள். ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் எல்லோரிடமும் கை கொடுத்து மன்னிப்புக் கேட்பவர்கள். கையெழுத்து வைக்கத் தங்கள் பேனையையே மூடி கழற்றித் தருபவர்கள். ஒரு மனிதனின் முழங்காலைப் பற்றி முடிவெடுக்க ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பொறுப்பானவர்கள். இப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு மனிதன் எங்கே ஓடுவது?

சங்கத்தின் தலைவர் ஹெர் மார்ட்டி அவனைக் கண்டுபிடித்தது எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், டீட்டிகோன் ரயில் நிலையத்தில். குகதாசன் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் சமையல்காரருக்கு முட்டை முடிந்துபோய், இவனைக் கடைக்குத் துரத்தினார். இரண்டு தட்டு முட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவன் திரும்பி ஓடி வரும்போது சூரிச் ரயில் வந்து சனத்தைக் கொட்டியது. குகதாசன் நிற்கவில்லை. இடமாய் ஒரு வெட்டு, வலமாய் ஒரு வெட்டு, ஒரு கிழவியின் குடைக்குக் கீழால் ஒரு குனிவு. அறுபது முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை. ஒருவரின் உடுப்பிலும் அவன் தோள் படவில்லை. காப்புறுதிக் கம்பனியில் பெரிய வேலை பார்க்கும் ஹெர் மார்ட்டி தன் ரயிலை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் உணவகத்துக்குள் போனார். அவர் வாழ்க்கையில் ரயில் ஒன்றைத் தவறவிட்டது அதுதான் முதல் தடவையாம். அந்தச் செய்தி பிறகு சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் வந்தது.

சங்கம் ஆடியது அமெரிக்கப் புட்போல். சுவிசுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த விளையாட்டு. சட்டப் புத்தகம் வந்தது, தலைக்கவசம் வந்தது, தோளில் மாட்டுகிற பிளாஸ்டிக் கவசமும் வந்தது. ஓடத் தெரிந்த ஆள் மட்டும் கூட வரவில்லை. உதைபந்துச் சப்பாத்தோடு மைதானத்துக்குப் போன குகதாசனுக்கு, பனங்கொட்டையை இழுத்து நீட்டினது மாதிரி ஒரு பந்தைக் கையில் கொடுத்தார்கள். காலுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை, ஓடுவதைத் தவிர. ஒருவன் பந்தைத் தருவான். வாங்கிக்கொண்டு எதிரே நிற்கிற பதினொரு தடியர்களுக்குள்ளால் ஓட வேண்டும். அவர்கள் விழுத்துவார்கள். எழும்பி வந்தால் மறுபடியும் தருவார்கள். இந்த உத்தியோகத்துக்கு ஓட்டக்காரன் என்று பெயர்.

இந்தக் கூத்துக்கு அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? ஒரு கடிதத்துக்காக. அவனுடைய அகதி விண்ணப்பத்தைத் தலைநகர் பேர்ணிலுள்ள அகதிக் கந்தோர் ஒரு தடவை நிராகரித்துவிட்டது. மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தான். படிவங்கள் நிரப்ப உதவிய தேவாலயத்துப் பெண்மணி சொன்னார், ஒரு சுவிஸ் சங்கம் ‘இவர் எங்களோடு நன்றாக இணைந்து வாழ்கிறார்’ என்று ஒரு கடிதம் தந்தால் அது பெரிய பலமாக இருக்கும் என்று. முதல் நாளே அவன் ஹெர் மார்ட்டியிடம் அதைக் கேட்டுவிட்டான். அவர் அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டாயம் எழுதுவோம், ஆட்டப் பருவம் முடியட்டும் என்றார். அந்தக் கடிதம் கிடைத்தால் இங்கே இருக்கலாம். இருந்தால் சாவகச்சேரியிலிருந்து புனிதவதியைக் கூப்பிடலாம். கலியாணம் முடித்து ஏழாம் மாதம் விட்டுவிட்டு வந்த பெண்சாதி. அவளை நினைத்துக்கொண்டு பதினொரு பேருக்குள்ளால் என்ன, நூறு பேருக்குள்ளாலும் அவன் ஓடியிருப்பான்.

இப்போது அவனுடைய இடது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்து நான்கில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய், எஸ்லோன் பிளாஸ்டிக் பைப்புக்குள் மண்ணை நிரப்பி அந்தக் காலுக்கு அடித்தார்கள். முழங்காலிலிருந்து கீழே ஒரு வாரம். அன்றைக்குத் தொடங்கிய நோவு பிறகு நிற்கவே இல்லை. பேர்ணில் நடந்த விசாரணையில் அவன் இதைத்தான் சொன்னான். அதிகாரி அதையே மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இவன் மூன்று தடவையும் ஒரே விதமாகச் சொன்னான். அகதி முகாமில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் அது. பொய் சொன்னவனையும் திருப்பி அனுப்புவார்கள், உண்மையை இரண்டு விதமாகச் சொன்னவனையும் திருப்பி அனுப்புவார்கள். நிராகரிப்பில்கூட அவர்கள் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. நடந்திருக்கலாம், போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆகவே மேன்முறையீடு முழுவதும் அந்தக் காலில்தான் நின்றது.

அப்படி நோகிற காலோடு எப்படி ஓடினான் என்று கேட்பீர்கள். நோகிறவன் ஓட மாட்டான் என்று நினைப்பது நோவு இல்லாதவர்களின் எண்ணம். கோப்பை கழுவப் போனால் பத்து மணித்தியாலம் நிற்க வேண்டும், நின்றான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். ராத்திரி அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தணம் பிடித்துக்கொண்டு படுத்தான்.

எண்பத்தேழு தை மாதம் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்தில் அவனுக்கு ஒன்பது தடவை பந்து கொடுத்தார்கள், வென்றார்கள். அடுத்ததில் பதினேழு; வென்றார்கள். மூன்றாவதில் இருபத்தாறு. அதிலும் வென்றார்கள், ஆனால் சங்கம் இரண்டாக உடைந்தது. வெல்லுகிற மட்டும் அவனுக்கே கொடுப்போம் என்றார்கள் ஒரு பகுதியார். ஒருவனையே போட்டு முறித்தால் கோடையில் யார் ஓடுவது, பகிர்ந்து கொடுப்போம் என்றார்கள் மறுபகுதியார். இரண்டு பகுதியாரும் மிகுந்த மரியாதையோடு சண்டை பிடித்தார்கள். சுவிசில் இப்படி ஒரு பிரச்சினை வந்தால் செய்வதற்கு ஒன்றுதான் உண்டு. ஆணைக்குழு அமைத்தார்கள். ஓட்டப் பளு ஆணைக்குழு என்று பெயர் வைத்தார்கள்.

தலைவர் ஹெர் மார்ட்டியேதான். மருத்துவ அங்கத்தவர் டொக்டர் ஹூபர். சங்கத்தில் டொக்டர் பட்டம் உள்ளவர் அவர் ஒருவர்தான், மாட்டு வைத்தியர். அறிக்கை எழுதுவதற்கு ஃப்ராவ் கெல்லர் என்ற பெண்மணி. மற்றவர்கள் கை உயர்த்துவதற்கு. குகதாசனுக்கு மொழி பெயர்க்க அவனோடு ஒரே வீட்டில் இருந்த தில்லைநாதனை அழைத்தார்கள். தில்லைநாதன் இவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பதினான்கு வருசம் கிளாக்கராக இருந்தவர். காகிதம் என்றால் அவருக்கு அத்துப்படி என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அவர் அதிகமாக நம்பினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் அமர்வு. அந்த மாதம் கதிரை அடுக்கும் முறை குகதாசனுடையது. ஆகவே தன்னுடைய பளுவைப் பற்றி ஆராய இருந்தவர்களுக்கு முப்பது கதிரையும் நான்கு மேசையும் தூக்கிப் போட்டவன் அவனே. ஹெர் மார்ட்டி எழுந்து நின்று பேசினார்.

“அன்பர்களே, சில நாடுகளில் ஓட்டக்காரனை விழும்வரை ஓட விடுகிறார்கள். அது காட்டுமிராண்டித்தனம். எத்தனையாவது ஓட்டத்தில் விழுவான் என்பதை நாம் முதலில் கணக்கிட்டுக்கொள்வோம்.”

எல்லோரும் பாராட்டாக மேசையில் தட்டினார்கள். குகதாசனும் தட்டினான்.

ஓட்டம் என்றால் என்ன என்ற கேள்வியோடு அன்றைய பொழுது போனது. பந்தை வாங்கி ஓரடியும் முன்னேறாமல் விழுந்தால் அது ஓட்டமா? இல்லை, ஓட்டத்தின் நோக்கம் நிறைவேறவில்லை என்று ஒருவர் விளக்கினார், கை உயர்த்தினார்கள், நீக்கப்பட்டது. பின்னுக்குத் தள்ளி விழுத்தினால்? அதை எதிரணியின் செயல் என்று தீர்மானித்தார்கள். கோட்டுக்கு வெளியே தூக்கி எறிந்தால்? மைதானத்துக்கு வெளியே நடப்பவை ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. கடைசியில் ஓர் ஆட்டத்துக்கு இருபது ஓட்டத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இருபத்தாறு தடவை விழுந்தெழும்பிய முந்தைய ஆட்டத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் பதின்மூன்றுதான் வந்தது. இன்னும் ஏழு இடம் மிச்சம் இருக்கிறது என்று பயிற்சியாளர் சந்தோசப்பட்டார்.

பிறகு டொக்டர் ஹூபர் அவனைச் சோதித்தார். காலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்கிப் பாதத்தைப் பார்த்தார். கண்மடலை விரித்துப் பார்த்தார். கதிரைகளைச் சுற்றி வட்டமாக நடக்கச் சொன்னார். கண் தெளிவு, பல் உறுதி, நடை ஒழுங்கு என்று ஃப்ராவ் கெல்லர் எழுதிக்கொண்டார். உள்நோவு இருக்கிறதா என்பதை அறிய வாராவாரம் ஒரு படிவம் தருவதாகத் தீர்மானம். மூன்று பிரதி. உடம்பில் எங்காவது நோவு உண்டா? ஆம், இல்லை. கீழே கையெழுத்து.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தில்லைநாதனிடம் காட்டினான்.

“என்ன அண்ணை போடுறது?”

“இல்லை எண்டு போடு. வேலைக் கடுதாசியிலை நோகுது எண்டு எழுதினவனை ஆராவது வைச்சிருக்கிறானோ?”

“பேர்ணிலை நோகுது எண்டெல்லோ சொன்னனான்.”

தில்லைநாதன் சிரித்தார். “அது பேர்ணின்ரை பைல். இது பந்துக்காரற்ரை பைல். எங்கடை கந்தோரிலை ஒரு மேசையிலை இருந்த பைல் பக்கத்து மேசைக்குப் போக மூண்டு வருசம் எடுத்தது. இது ரெண்டும் எங்கை சந்திக்கப் போகுது? பயப்படாமல் போடு.”

குகதாசனுக்கு இது நியாயமாகப் பட்டது. அவர்களுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வேலைக்குப் போகும்போது ஆள் கல்லுமாதிரி. அகதிக் கந்தோருக்குப் போகும்போது உடைந்த ஆள். இரண்டும் உண்மைதான். எந்தக் கதவால் போகிறோமோ அந்த உண்மையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இந்த நாட்டில் காகிதங்களுக்குக் கால் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. இல்லை என்ற பெட்டியில் ஒரு புள்ளடி போட்டான்.

பங்குனி மாதத்துக்குள் முழங்கால் வீங்கத் தொடங்கியது. உணவகத்தில் வலது காலில் பாரத்தைப் போட்டு, தொட்டியில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்று கழுவினான். ஒரு கிழமை, படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஆம் என்று போடுவோமா என்று யோசித்தான். பேனை அந்தப் பெட்டிவரை போனது. அப்போது பேர்ண் ஞாபகம் வந்தது. ஒன்பது தடவை இல்லை என்று எழுதியவன் பத்தாம் தடவை ஆம் என்றால், எது பொய் என்று கேட்பார்கள். அவனோடு முகாமில் இருந்த ஒருவனை, ஜீப் பச்சை என்று முதலில் சொல்லிப் பிறகு மண்ணிறம் என்று சொன்னதற்காகவே அனுப்பிவிட்டார்கள். பாவம் அவன், சேறு பூசிய ஜீப்பைத்தான் கண்டிருப்பான். குகதாசன் பேனையைப் பக்கத்துப் பெட்டிக்கு நகர்த்தினான்.

வைகாசியில் டொக்டர் ஹூபர் ஆணைக்குழுவுக்கு இடைக்கால அறிக்கை வாசித்தார். “பசு ஒன்று வருந்தினால் அதை நானே கண்டுபிடிக்க வேண்டும், அது சொல்லாது. இங்கே அந்தச் சிரமம் எனக்கு இல்லை. இவர் எழுதியே தருகிறார்.” அறிக்கை வாசிக்கும்போது குகதாசன் அவருக்கு முன்னால்தான் இருந்தான், இடது காலை நீட்டிக்கொண்டு, ஏனென்றால் மடக்க முடியவில்லை. கூட்டத்தில் கால் நீட்டி இருப்பது இவர்களுடைய நாட்டில் மரியாதையாக இருக்கலாம் என்று எல்லோரும் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் புனிதவதியின் கடிதம் வந்தது. பந்து விளையாடுகிறன் என்று நீங்கள் எழுதினதை வாசித்துச் சந்தோசப்பட்டேன், அப்ப கால் சுகம் வந்திட்டுதாக்கும் என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து வெகுநேரம் இருந்தான். ஓம், இப்ப நோவில்லை என்று எழுதினான். அந்த வசனம் இப்போது அவனுக்குக் கை தானாகவே எழுதும்.

ஆடி மாதம் இறுதியாட்டம். ஹெர் மார்ட்டி கையில் எண்ணுகிற கருவியோடும் ஒரு சிவப்புக் கொடியோடும் ஓரத்தில் நின்றார். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாம் நிமிடம் இருபதாவது ஓட்டம் முடிந்தது. கொடியை உயர்த்தினார். ஆட்டம் சமநிலை. பயிற்சியாளர் அவரிடம் ஓடிப்போய், கையில் கொடுத்தால்தானே ஓட்டம், மூன்றடி தள்ளி நின்று எறிந்து இவன் ஏந்தினால் அது ஏந்தல் அல்லவா என்று கேட்டார். ஹெர் மார்ட்டி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஏந்தல்தான். ஏந்தலுக்கு ஆணைக்குழு வரம்பு வைக்கவில்லை. கொடியை இறக்கினார். மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் இறக்கினார்.

அதற்குப் பிறகு பதினெட்டுத் தடவை எறிந்தார்கள், பதினெட்டுத் தடவையும் ஏந்தினான். கடைசித் தடவை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது நான்கு பேர் அவனுக்கு மேலே விழுந்தார்கள். இடது முழங்காலுக்குள் பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குகதாசன் கத்தவில்லை. காட்டெருமைகள் சம்பியன் ஆனார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்; அவனால் நடக்க முடியவில்லை என்பது அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. தோளில் இருந்தபடியே அவன் அழுதான். சந்தோசத்தில் அழுகிறான் என்று படம் பிடித்துச் சங்கப் பத்திரிகையில் போட்டார்கள்.

சொன்ன சொல்லை ஹெர் மார்ட்டி மறக்கவில்லை. ஆவணி மாதம் கடிதம் தயாரானது. குகதாசன் எதிர்பார்த்தது ஒரு பக்கம். ஆணைக்குழு எழுதியது பத்தொன்பது பக்கம். ஆட்டம் ஆட்டமாக அட்டவணை, டொக்டர் ஹூபரின் அத்தாட்சிப் பத்திரம், கையெழுத்தோடு கூடிய முப்பத்தொரு வாரப் படிவங்களின் பிரதிகள். வெறும் வார்த்தையால் ஒரு மனிதனைப் புகழ்வது காப்புறுதிக்காரருக்குப் பழக்கமில்லை. ஆதாரம் வைத்துத்தான் புகழ்வார்கள். சங்க மண்டபத்தில் ஹெர் மார்ட்டி அதை உரத்து வாசித்தார். ஜெர்மன் வேகமாகப் போனது. தில்லைநாதனுக்கு அன்றைக்கு வேலை, வரவில்லை. குகதாசனுக்கு விளங்கியது மிக நல்லவர், மிக நம்பிக்கையானவர், மிக ஆரோக்கியமானவர் என்ற இடங்கள் மட்டும். ஊன்றுகோலோடு எழுந்து நின்று நன்றி சொன்னான். முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்த பெரியாஸ்பத்திரியிலும் சங்கத்திலும், படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தான். கடிதம் அவனுக்கு முன்னாலேயே உறையில் போடப்பட்டு, முத்திரை ஒட்டப்பட்டு, பேர்ணுக்குப் போனது.

ஐப்பசி கடைசியில் பதில் வந்தது. ஊரில் அந்த மாதம் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. புனிதவதியிடமிருந்து ஐந்து கிழமையாகக் கடிதம் இல்லை. தில்லைநாதன் வீட்டுக் குசினி மேசையில் வைத்து அதைப் பிரித்தார். முதலில் தானே வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“என்ன அண்ணை? சொல்லுங்கோவன்.”

அவர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். முறையீட்டாளர் தன் இடது காலில் இராணுவத்தினர் அடித்ததாகவும் அதனால் இன்றுவரை தீராத நோவு இருப்பதாகவும் கூறுகிறார். ஆனால் இந்த விடயத்தில் எந்தச் சொந்த நலனும் இல்லாத ஒரு விளையாட்டுச் சங்கம், அவருக்கு எந்த நோவும் இருந்ததில்லை என்பதை முறையீட்டாளரே ஒப்பமிட்ட முப்பத்தொரு கூற்றுக்களால் நம்பத்தகுந்த முறையில் நிரூபித்துள்ளது. ஆகவே சொல்லப்பட்ட சம்பவம் நடந்திருக்க முடியாது. முறையீடு நிராகரிக்கப்படுகிறது. கார்த்திகை முப்பதாம் திகதிக்கு முன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

தில்லைநாதன்தான் அழுதார். நாற்பதை நெருங்கிய மனிதன், முகத்தை மூடாமல் அழுதார்.

“நான்தான் உன்னைக் கெடுத்தனான் குகன். சந்திக்காது எண்டு நான்தானே சொன்னனான்.”

இரண்டு பேருமாக ஹெர் மார்ட்டியிடம் போனார்கள். அவர் தீர்ப்பை நின்றபடியே வாசித்தார். உண்மையிலேயே வருந்தினார்; கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டாம் தடவை வாசித்தார். அப்போது அவருடைய முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. நம்பத்தகுந்த முறையில் என்று எழுதியிருக்கிறார்கள், பாருங்கள், ஒரு சிறிய சங்கத்தின் வேலையை பேர்ண் இப்படி மதிப்பது அபூர்வம் என்றார்.

குகதாசன் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினான். பைப் அடித்த பழைய தழும்புகளும், வெட்டித் தைத்த புதிய தழும்பும். வாழ்க்கையில் முதல் தடவையாக, தில்லைநாதனைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தானே சொன்னான், நோகுது என்று.

ஹெர் மார்ட்டி அந்தக் காலை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன். உடனடியாக ஆணைக்குழுவைக் கூட்டுகிறேன் என்றார்.

கார்த்திகை இருபத்தோராம் திகதி, சனிக்கிழமை, ஒன்பது மணி. மண்டபம் முதலாம் மாடியில். இந்த முறை கதிரைகளை வேறு யாரோ அடுக்கினார்கள். முந்தைய அமர்வின் அறிக்கை வாசிக்கப்பட்டு, இரண்டு காற்புள்ளிகள் திருத்தப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு ஹெர் மார்ட்டி மெதுவாகக் கேட்டார்.

“எத்தனையாவது ஓட்டத்திலிருந்து நோகிறது, ஹெர் குகதாசன்?”

தில்லைநாதன் மொழிபெயர்த்தார். குகதாசன் யோசிக்கவில்லை.

“முதலாவது ஓட்டத்துக்கு முதலே. ஆமிக் காம்பிலை இருந்து.”

தில்லைநாதன் அதைச் சொல்லி முடித்ததும் ஃப்ராவ் கெல்லர் பேனையை எடுத்தார். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தக் கால், என்ன பொருளால், அதற்குள் என்ன நிரப்பியிருந்தது, எத்தனை நாள். ஒவ்வொன்றாகக் கேட்டு, ஊர்ப் பெயர்களுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினார். பேர்ணில் மூன்று தடவை கேட்டவர்கள்கூட அவனிடம் இவ்வளவு நல்லபடி கேட்கவில்லை. தன் வாழ்க்கையில் நடந்ததை முழுவதாக, ஒழுங்காக ஒரு காகிதத்தில் யாரோ எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதி முடிந்ததும் டொக்டர் ஹூபர் கை உயர்த்திப் பேச அனுமதி கேட்டார். நோவு முதலாவது ஓட்டத்துக்கு முன்னரே இருந்தது என்பது தெளிவாகிவிட்டதால், அது ஓட்டத்தால் வந்ததல்ல. ஆகவே சங்கம் கொடுத்த பளு பொருத்தமானதே என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். ஏகமனது. பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியவர்களாக மூச்சு விட்டார்கள்.

தில்லைநாதன் எழுந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த அறிக்கையின் ஒரு பிரதியை, இன்றைக்கே, பேர்ணுக்கு அனுப்ப முடியுமா?

ஹெர் மார்ட்டி சங்க விதிகளைத் திறந்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, அவருக்கு மனப்பாடம். ஆணைக்குழுவின் அமர்வறிக்கைகள் சங்கத்தின் உள்விடயங்கள். வெளியே கொடுப்பதென்றால் பொதுச்சபையின் அனுமதி வேண்டும். பொதுச்சபை மாசி மாதம் கூடுகிறது.

“அப்ப அந்தப் படிவங்கள் எல்லாம் போனதே?” தில்லைநாதனுக்கு ஜெர்மன் மறந்து தமிழே வந்துவிட்டது, பிறகு திருப்பி ஜெர்மனில் கேட்டார்.

“அவை புள்ளிவிபரங்கள்” என்றார் ஹெர் மார்ட்டி, மிகுந்த பரிவோடு. “இது ஒரு மனிதனின் அந்தரங்க வேதனை. எங்கள் நாட்டில் அதை நாங்கள் கண்டபடி வெளியே விட மாட்டோம்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஃப்ராவ் கெல்லர் மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவர் குகதாசனிடம் பேனையை நீட்டி, சமுகமளித்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். அவன் வைத்தான். ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் படிக்கு வந்தார்கள். குகதாசன் முன்னால் நின்றான். நேராக இறங்க முழங்கால் விடவில்லை. திரும்பி நின்று, கைபிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினான். இறங்கும்போது அவர்கள் எல்லோருடைய முகமும் அவனுக்கு முன்னால் வரிசையாகத் தெரிந்தது. ஹெர் மார்ட்டி, டொக்டர் ஹூபர், ஃப்ராவ் கெல்லர், கை உயர்த்தியவர்கள். ஒவ்வொரு படிக்கும் அவர்கள் நின்று காத்தார்கள். இருபத்திரண்டு படி. ஒருவராவது அவசரப்படவில்லை, ஒருவராவது அவனை விலத்திக்கொண்டு போகவில்லை. ஒருவராவது கை கொடுக்கவும் இல்லை.